ஆண்குரல் வரிசையில் ரென்சி

எமரென்சியா கெலெனுக்கு, எங்கள் ரென்சிக்கு, ஒன்பது வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். குரல் பிழைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவள் முதல்முறையாக வாய்விட்டுப் பேசியபோது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரு, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாளாம்.

வீட்டுக்காரர் வரவில்லை. ரென்சிக்கு மூன்று வயதாக இருந்தபோது மலேசியாவுக்கு, தாவாவ் பக்கம் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போனவர் முதலில் பணம் அனுப்பினார், பிறகு கடிதம் மட்டும் அனுப்பினார், பிறகு அதுவும் நின்றது. எங்கள் தீவுத் துறைமுக ஊரான லரந்துக்காவில் அப்படிப்பட்ட வீடு தெருவுக்கு நாலு உண்டு. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் ரென்சியின் குரலைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் "பெரியப்பா". காலையில் பெயர் கூப்பிடும்போது அவள் "இருக்கேன் சார்" என்றதும், பின்வரிசைப் பையன்கள் மொத்தமாக எழுந்து நின்று, "வணக்கம் பெரியப்பா" என்பார்கள். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் ஏதோ வயதான ஆள் வகுப்புக்குள் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்ததை ஒரு வருடம் சொல்லிச் சிரித்தார்கள். பதினாலு வயதுக்குள் ரென்சி தலையாட்டிப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். கடையில் சாமானை விரலால் காட்டுவாள்.

அந்த விரல்களும் பார்க்க அழகாக இருக்காது. அம்மா தெரேசியா மக்காச்சோள அவல் தட்டி, கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் விற்பவள். மண்சட்டியில் வறுபடும் சோளத்தை வெறும் விரலால் எடுத்துக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் ஒரே போடு. சோளம் ஆறினால் தட்டையாகாது, உடைந்துவிடும். ரென்சி ஏழு வயதிலிருந்து தட்டினாள். அவளுடைய வலதுகை விரல்நுனி மூன்றிலும் ரேகை இருக்காது.

ஒருமுறை, எல்லாப் பெண்பிள்ளைகளையும்போல, கோயில் பாடகர் குழுவில் சேரப் போனாள். குழுவை நடத்தும் ஒனெசிமுஸ் சார் அவளைப் பெண்குரல் வரிசைகள் இரண்டிலும் நிற்கவைத்துப் பாடச் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஓவா, நீ பீடத்துக்குப் பூ அடுக்கும்மா" என்றார். ஓவா என்று எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைப் பிரியமாகத்தான் கூப்பிடுவார்கள். அவரும் பிரியமாகத்தான் சொன்னார். ரென்சி இரண்டு வருடம் பூ அடுக்கினாள்.

அவளுக்குப் பதினாறு வயதான அந்த வருடம் செப்டம்பரில், பஸ்காலிஸ் வேராங், பாதிரியாராகப் படிக்கப் போயிருந்த இளங்குருமடத்திலிருந்து திரும்பி வந்தான்.

எங்கள் பக்கம் ஒரு பையன் குருமடத்துக்குப் போவதென்றால் அது ஒரு குடும்பத்தின் விஷயம் இல்லை, வம்சத்தின் விஷயம். பன்றி அடித்து, ஊரைக் கூட்டி, சால்வை போர்த்தி அனுப்பியிருந்தார்கள். அவன் அம்மா அகுஸ்தினா, மகன் குருப்பட்டம் வாங்கி வைக்கப்போகும் முதல் பூசைக்கு என்று பீட விரிப்புகூடத் தைத்துப் பெட்டியில் வைத்திருந்தாள். அப்படிப் போனவன் நாலு வருடம் கழித்து, நடு வருடத்தில், ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பூசைக்கு முன்வரிசையில் உட்காரும் அகுஸ்தினா அந்த ஞாயிற்றிலிருந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஊர் தானாகக் காரணம் கண்டுபிடித்தது. காணிக்கைப் பெட்டியில் கைவைத்தான் என்றார்கள். ஒரு கன்னியர்மடத்துப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினான் என்றார்கள். அவனையே கேட்டவர்களுக்கு அவன் ஆளுக்கொரு பதில் சொன்னான். ஒருவரிடம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றான். இன்னொருவரிடம், தனக்குக் கடவுளைப் பிடிக்கும், அவருக்குத்தான் தன்னைப் பிடிக்கவில்லை என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நெருங்கவும் இல்லை.

வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடம் ரென்சியின் பக்கத்தில். அவன் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சு அவள் பக்கம் சாய்ந்தது. வேறு வழியில்லாமல் அவள் பேசினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

அவன் தள்ளவில்லை. அவளையே பார்த்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

"கேலி பண்றியா?"

"இல்ல. நீ இப்பப் பேசினது கீழ் அஞ்சுல. எங்க குருமடத்துல அந்த எடத்துக்கு எறங்க ரெண்டே பசங்கதான் இருந்தாங்க. அதுல ஒருத்தனுக்கு அது சளி."

ரென்சி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பின் சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஏழு வருடத்தில் அவள் அங்கே சிரித்தது அதுதான் முதல் தடவை.

கீழ் அஞ்சு என்று அவன் சொன்னது சுரக்கணக்கு. எங்கள் பாட்டுப் புத்தகங்களில் சுரத்தை எண்ணால்தான் எழுதுவார்கள். ஒன்று முதல் ஏழு வரை, கீழே ஒரு புள்ளி வைத்தால் கீழ்ச்சுரம். பஸ்காலிஸுக்கு அந்த எண்கள் தாய்மொழி மாதிரி. பள்ளி விட்டதும் ஆள் இல்லாத கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போவான். காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு கீழே கீழே போவான். அவள் கூடவே இறங்கிப் போவாள். ஒருநாள் அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "உன் குரல் கெட்டுப்போகல ரென்சி. கீழ எறங்கி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். யாரும் கீழ வந்து தேடிப் பாக்கல."

அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

டிசம்பரில் பாடகர் குழுவின் ஆண்குரல் வரிசையிலிருந்து இரண்டு பேர் மலேசியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பஸ்காலிஸ் ஒனெசிமுஸ் சாரிடம் போய் ரென்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். சார் பெண்பிள்ளையை அங்கே எப்படி நிறுத்துவது என்று ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதால், "நில்லு. ஆனா ஓரமா நில்லு" என்றார். பையன்கள் "பெரியப்பாவுக்கு நாற்காலி போடுங்கடா" என்றார்கள். பஸ்காலிஸ் போய் உண்மையாகவே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் வரிசையின் கடைசியில் அவனுக்குப் பக்கத்தில் நின்று ரென்சி பாடினாள். கூட்டத்தில் இருந்த தெரேசியா, எழுந்து நிற்கவேண்டிய இடத்தில் எழாமல் உட்கார்ந்தே இருந்தாள். அடியில் ஓடும் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவன் அவளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். ஒரு துண்டுத்தாளில் வெறும் எண்கள். அவள் வீட்டில் சோளம் தட்டிக்கொண்டே அந்த எண்களை முனகிப் பார்ப்பாள். மெட்டு பிடிபட்டதும் அது எந்தப் பாட்டு, எந்த வரி என்று தெரிந்துவிடும். அந்த வரியின் வார்த்தைகள்தான் கடிதம். 'அலைகரையில் காத்திருப்பேன்' என்று ஒருநாள். 'ஏன் முகம் வாடினாய்' என்று ஒருநாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஏன் பாடுகிறாய் என்று அம்மா கேட்டால், பயிற்சி என்பாள். ஒரு தடவை வந்த எண்கள் எந்தப் பாட்டிலும் சேரவில்லை. நாலு நாள் முனகிப் பார்த்துவிட்டு அவனையே கேட்டாள். அவன் காது சிவந்துபோய், "அது நான் போட்டது. இன்னும் வார்த்தை வெக்கல" என்றான்.

ஜனவரி எங்களுக்கு மழை மாதம். அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ரென்சி பாடக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். முன்பக்கம் யாரும் இல்லை. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். அடுக்களையில் அடுப்புக்கு எதிரே ஒரு இலவம்பஞ்சு மெத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பஸ்காலிஸ் ஓலை விசிறியால் அதற்குக் காற்று போட்டுக்கொண்டிருந்தான். வாடையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவன் விசிறியைக் கீழே போடவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், "இதுக்குத்தான் அனுப்பினாங்க" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தூக்கத்தில் படுக்கை நனைவது சின்ன வயதிலிருந்து நிற்கவில்லை. குருமடத்தில் நாற்பது பையன்கள் ஒரே கூடத்தில் படுப்பார்கள். இரண்டு வருடம் எப்படியோ மறைத்தான், நாலு மணிக்கே எழுந்து துவைத்தான். அதிபர் அவனை ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப்போனார். கடைசியில், வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்து குணமானதும் திரும்பி வா என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னாரு. சொல்லவும் இல்ல. அதனாலதான் ஊரு அதோட இஷ்டத்துக்குச் சொல்லுது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு, அப்பாவுக்கு. இப்ப உனக்கு."

ரென்சி மெத்தையின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்றாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தாவாவிலிருந்து வந்த ஒரு ஆள், அம்மா இல்லாத நேரத்தில், அப்பா பேசி அனுப்பிய கேசட் ஒன்றைக் கொடுத்திருந்தார். பள்ளியில் இருந்த டேப் பெட்டியில் அதைப் போட்டுக் கேட்டாள். அப்பா தான் சுகம் என்கிறார், வேலை குறைவு என்கிறார். அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை அழுகிறது. ஒரு பெண் அதை ஷ் ஷ் என்று அமர்த்துகிறாள். கேசட்டை அவள் கூரை இடுக்கில் செருகி வைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது. "எங்க அம்மா இன்னும் ஒவ்வொரு கப்பலுக்கும் போறா. அவல் விக்கப் போறேங்கிறா" என்றாள்.

பஸ்காலிஸ் அவள் வலதுகையை எடுத்து, ரேகை இல்லாத மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "சரி, ரெண்டு பேரும் சமம்" என்றான்.

அதன் பிறகு வந்த இரண்டரை மாதம்தான் ரென்சியின் வாழ்க்கையில் நல்ல காலம். அலைகரைக் கல்லில் உட்கார்ந்து, சுட்ட மீனும் அவலும் தின்றார்கள். எதிர்த்தீவிலிருந்து வரும் படகுகளின் மோட்டார் சத்தம் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். ஒருநாள் கோயிலின் பின்கதவருகில், மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு நடுவில் முத்தமிட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மூக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் அகுஸ்தினா தெருக்குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தாள். கோபமாகப் பேசவில்லை. "அவன் திரும்பிப் போவான், ஓவா. ஒரு வருஷத் தவணைதான். இப்ப மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான் ஆகுது. நீ குறுக்க நிக்காத" என்றாள். ரென்சி தலையாட்டினாள். குடம் நிரம்புமுன்பே இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் திரும்பிப் போவான் என்பது அதுவரை அவள் நினைத்துப் பார்க்காத விஷயம்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய பெரிய வியாழன் வந்தது. மறுநாள், இறந்த இயேசுவின் சுரூபத்தைப் பாடையில் தூக்கிப்போகும் ஆசந்திப் பவனிக்காக அன்று பகலிலேயே ஊர்வலப் பாதை முழுக்க இரண்டு பக்கமும் கழி நட்டு, மெழுகுவர்த்தி வைக்கும் வேலி கட்டுவார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பங்கு. பஸ்காலிஸ் மற்ற பையன்களோடு கழி அடித்துக்கொண்டிருந்தான். ரென்சி வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது தெருவின் சிற்றாலயத்திலிருந்து காஸ்பார் பெரியவர் வெளியே வந்தார். ஆசந்திக்கு முன்னால் போகும் ஜோடி வெள்ளி விளக்குத்தண்டில் ஒன்றைக் காணவில்லை.

பெரியவர் அந்தச் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மூத்தவர். அவர் நேராகக் கேட்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "குருமடத்துல கை நீட்டினவன் இங்கயும் நீட்டியிருப்பான். தேடவேண்டிய எடத்துல போய்த் தேடுங்க."

எல்லோரும் பஸ்காலிஸைப் பார்த்தார்கள். அவன் சுத்தியலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அகுஸ்தினா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பையன்கள் அவன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

"அவன் திருடல," என்றாள் ரென்சி. "திருட்டுக்காக அவன அனுப்பல. படுக்கையில மூத்திரம் போறான். அதுக்குத்தான் அனுப்பினாங்க. வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க."

ஆறு மாதம் பாடிப் பாடி வலுவான குரல். தெருவின் கடைசி வரை கேட்டது.

சுத்தியல் சத்தமெல்லாம் நின்றது. எங்கோ ஒரு சின்னப் பிள்ளை முதலில் சிரித்தது. பிறகு அதன் அண்ணன் சிரித்தான். பிறகு தெரு சிரித்தது. பெரிய வியாழன் என்பதால் பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஸ்காலிஸ் ரென்சியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. வழியில் போகும் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு திரும்பி, பாதி இறங்கியிருந்த கழியை முழுதாக அடித்து முடித்தான். அடித்துவிட்டு, சுத்தியலை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

விளக்குத்தண்டு சூரியன் இறங்குவதற்குள் கிடைத்துவிட்டது. கோயில்பிள்ளையின் மருமகள் அதைத் துலக்க எடுத்துப்போய்ச் சுவர்மேல் காயவைத்திருந்தாள். காஸ்பார் பெரியவர் பரிசுத்த வாரத்தில் மனத்தாங்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உயிர்ப்பு ஞாயிற்றுக்குள் திருட்டுப் பேச்சை ஊர் சுத்தமாக மறந்துவிட்டது. மற்றதை மறக்கவில்லை.

அவனுக்கு "வெள்ளம்" என்று பெயர் வைத்தார்கள். அவன் தெருவில் வந்தால் கடை பெஞ்சில் இருப்பவர்கள், "வெள்ளம் வருது, காலைத் தூக்கு" என்று கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஞாயிறு காலையில் அவன் வீட்டு வேலியில் யாரோ ஈரப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாடகர் குழுவுக்கு அவன் வரவில்லை. ரென்சி வரிசையின் கடைசியில் நின்றாள், வாயைத் திறந்தாள், ஒரு சுரமும் வரவில்லை. பூசை முடியும் வரை வாயை மட்டும் அசைத்தாள்.

திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். அகுஸ்தினா வாசலில் நின்றிருந்தாள். தடுக்கவில்லை, வழியும் விடவில்லை. ரென்சி பக்கவாட்டில் நுழைந்து போனாள். அவன் தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். ஊர் அவனைத் திருடன் என்று நினைப்பதைத் தாங்கமுடியாமல்தான் சொன்னதாக அவள் சொன்னாள்.

"திருடன்னே இருந்துட்டுப் போயிருப்பேன். சாயங்காலமே அது தீந்திருக்கும்."

"அந்தப் பொய்யக் கேட்டுட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?"

"நான் நின்னேன்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அந்தக் குரல் இன்னும் அசிங்கமாக ஒலிக்கும் என்பதால் எப்போதும் அடக்கிக்கொள்பவள் அன்று அடக்கவில்லை. "என்னோடதையும் நீ சொல்லிடு. போய் எங்க அம்மாகிட்டக் கேசட்டப் பத்திச் சொல்லு. ஊருக்கே சொல்லு" என்றாள்.

அவன் பெட்டியை மூடிக்கொண்டே, "அது உன்னோடது, ரென்சி. அத நான் எப்படிச் சொல்றது?" என்றான்.

அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து ஒரு சித்தப்பாவோடு எல்லைத் துறைமுகமான நுனுக்கானுக்குக் கப்பல் ஏறினான். அங்கிருந்து படகில் தாவாவ். அன்று ரென்சி துறைமுகத்தில் அம்மாவோடு அவல் கூடைக்குப் பின்னால் நின்றாள். அவன் இரண்டு கை தூரத்தில் கடந்து, ஏணியில் ஏறினான். மேலே போய்க் கம்பியோரம் நின்று ஊரைப் பார்ப்பவர்களுக்கு நடுவில் அவன் வந்து நிற்கவில்லை.

அவள் ஐந்து கடிதம் எழுதினாள். போகிறவர்கள் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். நாலுக்குப் பதில் இல்லை. ஐந்தாவதை ஒரு ஆள் திருப்பிக்கொண்டுவந்து கொடுத்து, அந்தப் பெயரில் தனக்கு யாரையும் தெரியாது என்று அவன் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

பாட்டையும் நிறுத்தினாள். ஒனெசிமுஸ் சார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தார். நாற்காலி காலியாகவே இருக்கிறது என்றார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அந்த வருடங்களில் அவளைத் தின்ற கேள்வி வேறு ஒன்று. அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அவனிடம் சொன்னாள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடமும் அப்படியே சொன்னாள். ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால்தான் குழாயடியில் அகுஸ்தினா பேசியிருந்தாள். ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்தபின் அவன் குருமடத்துக்குத் திரும்பமுடியாது என்று தனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டதா? வாய் திறந்த அந்த நொடியை எத்தனை தடவை திரும்பப் பார்த்தாலும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ண அவளால் முடியவில்லை.

இருபது வயதில் கேசட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். தெரேசியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தை இருப்பது தனக்கு அந்த வருடமே தெரியும் என்றாள். கேசட் கொண்டுவந்த அதே ஆள் தெருமுனையில் அவளிடமும் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஏன் போனாய் என்று ரென்சி கேட்டாள். "கப்பல் வந்தாத்தானே அவல் விக்கும்" என்றாள் அம்மா.

படிப்பு முடிந்ததும் எதிர்த்தீவுப் படகுத்துறையில் ரென்சிக்கு வேலை கிடைத்தது. சீட்டு கிழிப்பதும், எந்தப் படகு எங்கே போகிறது என்று கூவிச் சொல்வதும். மோட்டார் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல் அந்தத் துறையில் அவளுக்குத்தான் இருந்தது. புதிதாக வருபவர்கள் கூவிய ஆம்பிளை எங்கே என்று தேடுவார்கள். இருபத்தெட்டு வயதில் வில்லெமைக் கட்டிக்கொண்டாள். எதிர்த்தீவுக்காரன், சொந்தமாக ஒரு சிற்றுந்து வைத்து ஓட்டுபவன், குடிக்காதவன். நல்ல மனிதன் என்று ஊர் சொன்னது, உண்மையும் அதுதான். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பஸ்காலிஸைப் பற்றி அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வீடு தள்ளி இருந்த அகுஸ்தினா அத்தனை வருடமும் ரென்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அகுஸ்தினா 2019 ஆகஸ்டில் செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கப்பலில் பஸ்காலிஸ் வந்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்தவன் ஒன்பதாம் நாள் செபம் வரை இருந்தான். உடம்பு கனத்திருந்தது, முன்தலை ஏறியிருந்தது. கூட லின்செ என்று மனைவி, வேறு தீவைச் சேர்ந்த தோராஜாக்காரி, கலகலவென்று பேசுபவள். எட்டு வயதில் ஒரு பெண்குழந்தை.

சாவு வீட்டு அடுக்களையில் தெருப் பெண்கள் எல்லோரும் சமைத்தாக வேண்டும், ரென்சியும் போனாள். முதல் நாள் அவன் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்து, அவளுக்கும் கொடுத்து, "சுகமா, ரென்சி அக்கா?" என்றான். அவளைவிட ஒரு வயது மூத்தவன் அவன்.

ஆறாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்திருந்த நேரம், அவன் பின்பக்கம் கைகழுவ வந்தான். ரென்சி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. அவள் கையில் சாம்பலோடு எழுந்து நின்றாள். "பஸ்காலிஸ், நான் அன்னிக்கு..."

"மன்னிப்புக் கேக்காத ரென்சி," என்றான் அவன், சத்தம் ஏறாமல். "கேட்டா நான் குடுக்கணும். இல்லாதத எப்படிக் குடுக்கிறது?"

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் துலக்கிவைத்த பாத்திரங்களை எடுத்து, ஒன்றிரண்டை வெயிலில் கவிழ்த்துவைத்தான். "உம்மேல கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் யாருகிட்டயும் எதையும் சொல்ல வரல. அது மட்டும் வரல" என்றான்.

அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு கிழவர், "எங்கடா நம்ம வெள்ளம்?" என்று பழைய உரிமையில் கூப்பிட்டார். பஸ்காலிஸ் உடனே சிரித்தான். நன்றாகப் பழகிய சிரிப்பு. "இதோ வர்றேன் மாமா" என்று குரல்கொடுத்தான். கதவருகில் வந்து நின்ற லின்செ, எதற்கு எல்லோரும் வெள்ளம் வெள்ளம் என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். அவன் கண் இமைக்காமல், "நான் பொறந்த வருஷம் ஊர்ல வெள்ளம் வந்துச்சு, அதான்" என்றான். அவள் "ஓ, அப்படியா" என்று நம்பிக்கொண்டு குழந்தையைத் தேடிப் போனாள். ரென்சி திரும்பவும் உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பிய நாளில் வில்லெம்தான் தன் வண்டியில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். ரென்சி போகவில்லை. அவன் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "நல்ல மனுஷன்தான், ஆனா வழி முழுக்க வாயே தொறக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. உங்க வீட்டுக்காரம்மா இன்னும் பாடுறாங்களான்னு. நான் சொன்னேன், அவளா, கட்டிக்கிட்டு பத்து வருஷமாச்சு, ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையேன்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. எறங்கும்போது புள்ளையோட பைய அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு, நான்தான் ஓடிப்போய்க் குடுத்தேன். ஆமா, நீ பாடுவியா?"

ரென்சி அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்மோனியம், எண்கள், மெத்தை, அந்த வியாழக்கிழமை. குழாயடியில் அகுஸ்தினா சொன்னதையும், தான் எந்த மனசோடு வாய் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாததையும் சொன்னாள். வில்லெம் பாதியிலேயே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். வெள்ளம் என்ற பெயர் அவனுக்கும் தெரியும். ஊரோடு சேர்ந்து அவனும் ஒருதடவை சிரித்திருக்கிறான்.

"பதினாறு வயசுப் புள்ள சொன்ன ஒரு வார்த்தை," என்றான் கடைசியில். ஆறுதலாகத்தான் சொன்னான். "அதையேவா இத்தன வருஷமா வெச்சுக்கிட்டிருந்த?"

"அவன் வெச்சிருக்கானே" என்றாள் ரென்சி.

வில்லெம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மூன்று மணிப் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரென்சி முகம் கழுவி, சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள்.